கறுப்புக் கல் பள்ளத்தாக்கு வரை வந்தேன், அண்ணே

என் அருள் அண்ணனுக்கு,

நீ கடைசியாக வேலை செய்த இடத்தைப் பார்த்துவிட்டேன். புஜைராவுக்குப் பின்னால் இருக்கும் அந்த மலைப் பள்ளத்தாக்குக்குப் போன ஞாயிற்றுக்கிழமை முருகேசன் அண்ணன் கூட்டிக்கொண்டு போனார். கேம்ப்பில் உன்னோடு ஒரே ரூமில் இருந்த இராமநாதபுரத்துக்காரர்தான். இப்போது ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் இருக்கிறார். நீ போன பிறகு நானும் இந்த ஊருக்கே நர்ஸாக வந்துவிட்டேன், ஷார்ஜாவிலேயே முவைலா பக்கம் இருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் அவர் தட்டிக்கழித்தார். நான் விடவில்லை.

பாதை என்று ஒன்றும் இல்லை. "அப்ப பஸ் போற ரோடு இருந்துச்சும்மா. வெள்ளம் அடிச்சுட்டுப் போயிருச்சு" என்றார். காய்ந்த ஓடையில் பாறை பாறையாகக் கையை ஊன்றி ஏறினோம். மேலே போகப் போகச் சரளை காலை வாரிவிட்டது. நீங்கள் சுரங்கத்தில் அந்தக் கறுப்புக் கல்லை, குரோமியத் தாதுவை, வெட்டுவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே செம்பு உருக்கியிருக்கிறார்களாம். அந்தக் கசடு இன்னும் குவியலாகக் கிடக்கிறது. விழுந்தபோது என் உள்ளங்கையைக் கிழித்தது. அவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள்?

சுரங்க வாயில் தெரிந்தபோது எங்களுக்கு முன்பே அங்கே ஆள் இருந்தது. மலையேற வந்த இளம்பிள்ளைகள். உள்ளே பார்த்து "ஹலோ" என்று கத்துவதும், அது திரும்பி வரும்போது சிரிப்பதுமாக இருந்தார்கள். ஒரு பெண் போனில் படம் எடுத்தாள்.

முருகேசன் அண்ணன் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"நிறுத்தச் சொல்லும்மா. இப்படித்தான் கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"அவன் சத்தம்."

நான் போய்ச் சொன்னதும் அந்தப் பிள்ளைகள் "சாரி" என்று கிளம்பிவிட்டார்கள். அவர்கள்மேல் என்ன தப்பு?

கல் விழுந்ததும் உயிர் போய்விட்டது, வலியே தெரிந்திருக்காது என்றுதான் கம்பெனி சொல்லியனுப்பியது. பெட்டியைத் திறக்கக் கூடாது என்றும் சொன்னது. அந்த ஒரு ஆறுதலைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா இத்தனை வருடம் மாதா கோயிலுக்குப் போய் வந்தாள்.

உண்மையில் நடந்ததை முருகேசன் அண்ணன் அங்கே வைத்துத்தான் சொன்னார். அன்று மத்தியானம் சுரங்கத்தின் கூரை இறங்கியது. அதற்கு அந்தப் பக்கம் நீ இருந்தாய். உயிரோடு. இவரும் கூட இருந்தவர்களும் கையாலேயே கல்லை எடுத்துப்போட ஆரம்பித்திருக்கிறார்கள். அப்போது ஃபோர்மேன் வந்தான்.

"ஒரு கல்லத் தொட்டா மேல உள்ளதும் இறங்கும், கலாஸ், முடிஞ்சுது, வண்டில ஏறுங்கன்னான். ஆள் கூப்பிடுறான் பாய்னு கால்ல விழுந்தேன்மா. நாளைக்கு மெஷின் வரும், எவனாச்சும் வெளிய போன் பண்ணா அடுத்த பிளைட்ல ஊருக்குன்னான். வெளிய தெரிஞ்சா சைட்டை மூடிருவாங்கள்ல? எங்கள பஸ்ல ஏத்திட்டான். பஸ் கிளம்புறப்பவும் கேட்டுச்சு."

"மெஷின் வந்தப்ப?"

"நாளைக்குன்ன மெஷின் வர நாலு நாளாச்சும்மா. அப்ப சத்தம் இல்ல."

"அண்ணன் என்ன சொல்லிக் கூப்பிட்டான்?"

"பாய், மே ஜிந்தா ஹூன்னு. உயிரோட இருக்கேன்னு. இந்தியிலதாம்மா. ஃபோர்மேனுக்குத் தமிழ் தெரியாதுல்ல."

சாகும்போதும் அவனுக்குப் புரிய வேண்டுமே என்று பார்த்துப் பேசியிருக்கிறாய். தாகத்தில் உடம்பு எப்படி அடங்கும் என்று எனக்குத் தெரியும். வார்டில் பார்த்திருக்கிறேன். உனக்கு நான் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஃபோர்மேன் நன்றாக இருக்கிறான், அண்ணே. இப்போது ஒரு குவாரியில் மேனேஜராம். மன்னித்துவிடு, மனம் லேசாகும் என்கிறார் இங்குள்ள ஃபாதர். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒருநாள் அவனே என் வார்டில் படுத்துக்கொண்டு தண்ணீர் கேட்டால்? கொடுப்பேனா?

அம்மாவிடம் சொல்லாதே என்றார் முருகேசன் அண்ணன். போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். பொய்யோடு அவள் இருந்தது போதும் என்று தோன்றியது. அவள் அழவில்லை.

"என்னையக் கூப்பிட்டானாட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "இல்லம்மா. இந்தியிலதான் கூப்பிட்டிருக்கான்."

பிறகு சொன்னாள்: "எனக்கு அந்தப் பாஷ தெரியாதேட்டி. நான் அந்த வாசல்லயே நின்னிருந்தாலும் எம்புள்ள என்ன சொல்லுதான்னு வெளங்கியிருக்காதே."

இப்போது அவள் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்கிறாள். விசிட் விசாவுக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் முழங்கால் இருக்கும் நிலையில் பாதி தூரம்கூட ஏற மாட்டாள். முடியாத இடத்தில் நானும் முருகேசன் அண்ணனும் தூக்கிக்கொண்டு வருவோம். அங்கே நீ இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அம்மாவைக் கொண்டுவந்து சேர்ப்பேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

இப்போது உன்னைவிட வயதில் மூத்துவிட்ட,
உன் தங்கச்சி,
ரெஜினா