கழுத்தில் தைத்த பெயர்

சோழபுரம்,
கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் காளீஸ்வரிக்கு அம்மா செல்லத்தாய் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் மாடு கன்றும் சுகமாக இருக்கிறோம், எடின்பரோவில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அந்தக் குளிரில் நோய் நொடி இல்லாமல் இருக்க ஆண்டாளைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடுதாசி என்று யோசிப்பாய். போனில் உன் அத்தை முத்துப்பேச்சியைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்தால் போதும், உன் அப்பா போனைப் பிடுங்கி உன்னிடம் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார், தங்கச்சியைச் சொன்னால் பொறுக்காது. இன்றைக்கு ஆலங்குளத்தில் ஒரு இழவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போயிருக்கிறார், வருவதற்குள் முழுவதையும் எழுதி உறையை ஒட்டிவிடப் போகிறேன். நீ இனிமேல் அந்த ஸ்வெட்டரை நினைத்து அழ வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அந்தக் கணக்கை உன் அம்மா தீர்த்துவிட்டேன்.

போன தை மாசம் ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாணத்தில் என்ன நடந்தது என்று யார் யாரோ கூட்டிக் குறைத்துச் சொல்லி உன் காதுக்கு வந்தது, உள்ளதை நான் சொல்கிறேன். அதிகாலை முகூர்த்தம், பனி கொட்டியது, நீ அனுப்பிய கத்தரிப்பூ நிற ஸ்வெட்டரைப் பட்டுச்சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு போனேன். அந்த ஆட்டு ரோமம் உடம்பில் இருப்பதே தெரியாது, ஆனால் குளிர் கிட்டே வராது. பந்தியில் உட்கார்ந்திருந்தபோது உன் அத்தை பின்னால் வந்து தொட்டுப் பார்க்கிற சாக்கில் கழுத்தைத் திருப்பினாள். உள்ளே தைத்திருந்த நாடாவைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த காலேஜ் பிள்ளையிடம் வாசிக்கச் சொன்னாள். எம். சிங்கிளேர் என்று அது வாசித்தது. உடனே பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி, "மதினி, செத்த வெள்ளக்காரி துணிய உருவி அனுப்பியிருக்கா உங்க மவ, அங்க பொழப்பு அம்புட்டு மோசமாவா கெடக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். என் பக்கத்து இலைக்காரி சேலையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். நான் பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்தேன். என்னைச் சொன்னால் விட்டிருப்பேன். ஆஸ்பத்திரியில் நின்று நின்று கால் வீங்குகிற என் மகளைப் பழந்துணி பொறுக்குகிறவள் என்று கூமாப்பட்டி வரைக்கும் பேச வைத்தாளே, அதை விட முடியாது. நீ அன்று போனில் அழுதுகொண்டே, முதியோர் விடுதியில் துவைக்கும்போது மாறிப்போகக் கூடாது என்று பெயர் தைப்பார்கள் அம்மா, இறந்த பிறகு பிள்ளைகள் தர்ம காரியத்துக்காக விற்கிற தர்மக்கடைக்குக் கொடுப்பார்கள், நல்ல பொருள் என்றுதான் வாங்கினேன், தூக்கிப் போட்டுவிடு, புதுசு அனுப்புகிறேன் என்றாய். அன்றைக்கே தீர்மானித்தேன், புதுசு வேண்டாம், இதைத்தான் போடுவேன் என்று.

மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் உன் அத்தை ஒரு ஸ்வெட்டரோடு வந்து நின்றாள். மிலிட்டரியில் இருக்கிற மகன் லிங்கேஸ்வரன் ஸ்ரீநகரில் புதுசாக வாங்கிக் கொடுத்தானாம், கடைச் சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை, அவித்த கிழங்கு மாதிரி வெந்துகொண்டே மத்தியானம் வரைக்கும் போட்டிருந்தாள். பங்குனியில் அதில் சாம்பாரைக் கொட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள், இதை எப்படித் துவைக்கிறது மதினி என்று. நீ சொல்லிக் கொடுத்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். பச்சைத் தண்ணீரில் தலைக்குத் தேய்க்கிற ஷாம்பூவைக் கலந்து, கசக்காமல் அமுக்கி எடுத்து, துண்டில் வைத்துப் பாய் மாதிரி சுருட்டி ஈரத்தை வாங்கி, நிழலில் கயிற்றுக் கட்டிலில் படுக்கப் போட வேண்டும், கொடியில் தொங்கவிடக் கூடாது. உருண்டை உருண்டையாகத் திரளுவதை நான் பேன்சீப்பு வைத்து மெதுவாக வாரி எடுக்கிறேன், வசம்பைத் துணியில் முடிந்து கூடவே வைத்து மூடிவிடுகிறேன், ஒரு பூச்சி அரிக்கவில்லை. வாயைத் திறந்து இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன் வீட்டுக்காரர் போலீஸ் யூனிபாரத்தைக் காலமெல்லாம் வெளுத்த கை, உனக்கா தெரியாது என்று மட்டும் சொன்னேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. நேரே போய், மாமா யூனிபாரத்துக்குச் செய்கிற மாதிரியே மிஷினில் கொதிக்கிற தண்ணீர் விட்டு, எடுத்துக் கஞ்சியில் முக்கி, மொட்டை மாடி வெயிலில் தொங்கவிட்டிருக்கிறாள். சாயங்காலம் அது சுருங்கிப் பலகை மாதிரி நின்றதாம், கைப்பிள்ளைக்குத்தான் சேரும். எனக்குப் பாவமாக இல்லை காளீஸ்வரி, அன்று ராத்திரி ஒரு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

இப்போது லிங்கேஸ்வரனுக்கு ஸ்ரீநகரில் ஆண் குழந்தை பிறந்து பெயர் வைக்கக் கூப்பிட்டிருக்கிறான். நான் வாங்கிக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு வாம்மா, பனி விழுகிறது என்று சொல்லிவிட்டான். சுருங்கிப்போனதை இவள் அவனிடம் மூச்சு விடவில்லை, சொன்னால் மருமகள் சிரிப்பாள். ராஜபாளையம் கடைகளில் அலைந்தாள், கிடைத்ததெல்லாம் உடம்பை அரிக்கிற நூல் ஸ்வெட்டர். பொறவு போன வாரம் உன் அப்பாவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு வந்து, நீ அனுப்பிய ஸ்வெட்டரை இரவல் கேட்டு என் முன்னால் உட்கார்ந்தாள். அவர் கொடு கொடு என்கிறார். கொடுக்கிறேன், ஆனால் செத்தவ துணியாச்சே என்றேன். உன் அப்பத்தா இறந்த பதினாறாம் நாள் பெட்டியைத் திறந்தபோது அரக்குப் பட்டுச்சேலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு யாருக்கும் விடாமல் எடுத்துப் போனவள் இவள்தான், பொங்கலுக்குப் பொங்கல் அதைக் கட்டிக்கொண்டு அம்மா ஆசீர்வாதம் என்பாள். அதைக் கேட்டேன். "உங்கம்மா பட்டுக்குப் பெட்டிய விடாம புடிச்சியே முத்துப்பேச்சி, அது மட்டும் உசுரோட இருந்தவ துணியா?" என்றேன். அது எங்கம்மா துணி மதினி என்றாள். "இதுவும் யாருக்கோ அம்மா துணிதான்" என்றேன். உன் அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

கொடுத்தேன். கொடுக்கும் முன்னால் அந்தப் பெயர் நாடாவைச் சிவப்பு நூலில் நெருக்கித் தைத்துவிட்டேன், பிரித்தால் கம்பளியும் சேர்ந்து கிழியும். போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட வேண்டும் என்பது என் நிபந்தனை. நேற்று வந்துவிட்டது. பனிக்குள் பேரனை வைத்துக்கொண்டு நிற்கிறாள், ஸ்வெட்டர் வயிற்றில் இழுத்துப் பிடிக்கிறது. கல்யாணப் பந்தியில் நகர்ந்து உட்கார்ந்தாளே அவளே முதலில், இது செல்லத்தாய் அக்கா ஸ்வெட்டர்தானே, அவிய மக அனுப்பினது என்று எழுதியிருக்கிறாள். நீயும் அதைப் பார்த்திருப்பாய், செத்த நேரம் சிரித்திருந்தால் எனக்கு அது போதும். அங்கே அவள் அதைத் துவைக்கக் கூடாது, அழுக்கோடு கொண்டுவரட்டும் என்று லிங்கேஸ்வரன் பெண்டாட்டிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன், பழையது சுருங்கின விஷயம் அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது, விழுந்து விழுந்து சிரித்தாள்.

தை அமாவாசைக்கு அந்தச் சிங்கிளேர் அம்மாவுக்கும் படையலில் ஒரு சோற்று உருண்டை சேர்த்து வைக்கப் போகிறேன், எம் என்றால் என்ன பெயர் என்று கடையில் கேட்டு எழுது. பேத்திக்கு எண்ணெய் தேய்க்காமல் விடாதே, நீ நிற்கிற வேலையில் நடுவே உட்கார்ந்துகொள், மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். எல்லாரும் நிறைந்து வாழ வேண்டும். இன்னொரு காரியம், மறக்காதே. அதே தர்மக்கடையில் உன் அத்தைக்கும் ஒன்று வாங்கி அனுப்பு, என்னுடையதை அவள் திரும்பக் கேட்கக் கூடாது. வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பார், முழங்கை தேய்ந்திருக்கிறதா, கக்கத்தில் வாடை இருக்கிறதா பார், பெரிய அளவாக எடு, நல்ல பொருளாக இருக்கட்டும், குறை சொல்ல அவளுக்கு வாய் கொடுக்கக் கூடாது. ஆனால் கழுத்தில் பெயர் தைத்ததாகப் பார்த்து வாங்கு. கொட்டை எழுத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

உன் அம்மா,
உ. செல்லத்தாய்