ஜீப்பில் நீங்கள் மாற்றிய குழாய்

ஜெமிமா அப்பாவுக்கு,

சோறு பானையில் இருக்கிறது. குழம்பு வைக்கவில்லை.

நேற்று விடியற்காலைப் பனியில் ஜீப் நம் ஊர் ஆனைக்குட்டத்தைத் தாண்டுவதற்குள்ளேயே ஆறு தடவை நின்றதே, ஏன் என்று மெக்கானிக் பால்துரையிடம் கேட்டேன். "இன்ஜினுக்குப் பெட்ரோலும் காத்தும் போற பழைய குழாய் சைலன்ஸர் சூட்டுல காயும்க்கா. மச்சான் வேகத்துக்குன்னு மாட்டுனது காயாது. குளிருல பெட்ரோல் ஆவியாகாம இன்ஜின் அணைஞ்சுரும்" என்றார்.

பிள்ளை நர்சிங் பரீட்சையைத் தவறவிட்டு ரோட்டில் அழுதாள். அப்போதும் நீங்கள், "வெயில் ஏறட்டும், எம்புட்டு வேகம் போகுதுன்னு பாரு" என்றீர்கள்.

பத்து மணிக்குப் பால்துரை வருவார். சாவியைக் கொடுத்துவிடுங்கள். பழைய குழாயை மாட்ட வரவில்லை. வண்டியை அவருக்கு விற்றுவிட்டேன்.

ஆர்.சி. புத்தகம் என் பேரில்தானே இருக்கிறது. நாற்பது வயதில் நான் கையெழுத்துப் பழகியபோது, "கலெக்டராகப் போறியாட்டி?" என்று சிரித்தீர்கள். இப்போது சிரியுங்கள்.