அப்பாவின் ரத்தச் சீட்டு

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
22.3.98

மாட்சிமை தங்கிய ஜோஸ்பின் அக்கா அவர்களின் சமூகத்துக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு இனிகோ ஆகிய நான், மேலுதட்டில் பதினோரு மீசை முடிகளைப் பெற்றுள்ளேன். எண்ணிச் சரிபார்த்தவர்: நானே. இனி என்னைப் 'பொடியா' என்று கூப்பிடுபவர்கள் மேல் கடும் நடவடிக்கை எடுக்கப்படும். இந்த அறிவிப்பை உங்கள் கோயமுத்தூர் நர்சிங் ஹாஸ்டல் சுவரிலும் ஒட்டவும்.

மற்றதெல்லாம் துணுக்குச் செய்தி. அப்பாவுக்குப் பத்து நாளாகச் சளிக்காய்ச்சல். மில்லில் பாதிப் பேருக்கு இதேதான். நூல் மில் இப்போது இருமல் மில். காய்ச்சல் விட்டும் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை என்று டாக்டர் ரத்தம் எடுத்தார். சீட்டில் எஸ்.ஜி.பி.டி. என்று ஒன்று, 142. நாற்பதுக்குள் இருக்க வேண்டுமாம். "நான் கணக்குல வாங்காத மார்க்கை அப்பா ரத்தத்துல வாங்கிட்டாரு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"கல்லீரல் கொஞ்சம் பாதிச்சிருக்கு. குடிப்பீங்களா?" என்றார் டாக்டர்.

"விட்டு ஒரு வருசமாச்சு சார்."

அம்மா அப்பாவையே பார்த்தாள்.

போன வருசம் சாம்பல் புதன் அன்று 'இனிக் குடிக்க மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் அப்பா செருகி வைத்தாரே, அன்றிலிருந்து சாயங்காலம் அவர் வந்ததும் அம்மா வாயை மோந்து பார்ப்பது உனக்குத் தெரியும். இப்போது இரண்டு தடவை மோந்து பார்க்கிறாள். அப்பாவும் பல் டாக்டரிடம் காட்டுவதுபோல் காட்டுகிறார்.

வீடு இப்படி உம்மென்று இருந்தால் ஆகுமா? ஏப்ரல் ஒண்ணுக்கு அம்மாவுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். உருளைக்கிழங்கில் செதுக்கி இங்க் முத்திரை குத்துவதெல்லாம் பொடியன்கள் வேலை. இது சரித்திரத்தில் நிற்கும்.

மீசையுடன்,
இனிகோ

*

கோயமுத்தூர்
27.3.98

அன்புள்ள மீசைக்காரத் தம்பிக்கு,

அக்கா நல்ல சுகம். ஹாஸ்டல் சாம்பாரில்தான் சுகமில்லை.

அப்பாவுடைய நம்பரைப் படித்துவிட்டு வார்டு டாக்டரம்மாவிடம் கேட்டேன். கவனமாகப் படித்து, அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு. சளிக்காய்ச்சல் கிருமி நெஞ்சில்தான் உட்காரும். ஆனால் அதை விரட்ட உடம்பு அனுப்புகிற படை ரத்தம் பூராவும் சுற்றும். அந்தச் சண்டையில் கல்லீரலின் செல்களும் கொஞ்சம் அடிபடும். அடிபட்ட செல்லிலிருந்து கசிவதைத்தான் அந்த நம்பர் காட்டுகிறது. யார் அடித்தார்கள் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. பெரும்பாலும் சில வாரத்தில் தானாக இறங்கிவிடும். அப்பா காய்ச்சல் மாத்திரையை அளவுக்கு மேல் போட்டாரா என்றும் கேள். அதிகமானால் அதுவும் கல்லீரலைக் கெடுக்கும். காமாலை என்று யாராவது பச்சிலை அரைத்துக் கொடுத்தால் குடிக்க வேண்டாம். மூன்று நாலு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கட்டும்.

அப்பா குடித்தார் என்று அந்தச் சீட்டு சொல்லவில்லை. அம்மாவிடம் இதை அழுத்திச் சொல்.

முத்தங்களுடன்,
ஜோஸ்பின்

*

திண்டுக்கல்
2.4.98

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அது வருவதற்கு முன்பே ஒன்று நடந்துவிட்டது.

திங்கட்கிழமை அம்மா துவைக்கலாம் என்று அப்பாவின் மில் பையை எடுத்தாள். உள்ளே ஒரு பிராந்தி குவார்ட்டர் பாட்டில். அரைவாசி இருந்தது. அம்மாவுக்கும் அப்போது அதே சளிக்காய்ச்சல். மூக்கு அடைத்து, பேச்சே குடத்துக்குள் இருந்து வருவதுபோல் வந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். பிறகு அப்பா சாப்பிடுகிற தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அப்பா பாட்டிலைத் திறந்தார். மூக்குக்கிட்டக் கொண்டுபோனார். மூடினார். ஒன்றும் சொல்லவில்லை. அம்மா படத்துக்குப் பின்னால் இருந்த தாளை எடுத்து, "இதை நீங்களே வச்சுக்கங்க" என்றாள். அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதிலிருந்து அம்மா மோந்து பார்ப்பதில்லை. அப்பா வந்ததும் நின்ற இடத்திலேயே செத்த நேரம் நிற்கிறார், பிறகு செருப்பைக் கழற்றுகிறார்.

உன் கடிதத்தை வக்கீல் மாதிரி நின்று வாசித்தேன். என் வாதத்தை நீ கேட்டிருக்க வேண்டும். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "நம்பரு காய்ச்சல்ல ஏறும்டா அப்பு. பாட்டிலும் காய்ச்சல்ல பைக்குள்ள ஏறிக்குமா?" என்றாள்.

ஏப்ரல் ஒண்ணு வந்து போனது. ஒன்றும் செய்யவில்லை. சோறு தின்கிறேன், ருசி தெரியவில்லை. எனக்குக் காய்ச்சல் இல்லை.

இனிகோ

*

கோயமுத்தூர்
6.4.98

தம்பி இனிகோ,

நேற்று குருத்தோலை வாங்கக்கூடக் கோயிலுக்குப் போகவில்லை. வார்டில் எல்லாரிடமும் அப்பாவுக்காக வாதாடியவள் நான். அவருக்குத் தனியாக எழுதிவிட்டேன்: 'உங்கள் பேச்சை இனி நம்ப என்னால் முடியாது. எனக்குக் கடிதம் போட வேண்டாம்.' ஈஸ்டருக்கு நான் வரவில்லை.

அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் நீ கூட்டிக்கொண்டு போ. யாராவது போக வேண்டும்.

ஜோஸ்பின்

*

திண்டுக்கல்
20.4.98

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நம்பர் 36. காமாலைக் கிருமிக்கும் பார்த்தார்கள், இல்லை. "சளிக்காய்ச்சல்ல ஏறினதுதான், இறங்கிருச்சு" என்றார் டாக்டர். நீ சொன்னது சரி.

பாட்டிலை வைத்தது நான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கிடந்த காலி பாட்டில். கழுவி, வரக்காப்பி ஊற்றி, ஞாயிற்றுக்கிழமையே பையில் வைத்துவிட்டேன். ஒண்ணாம் தேதி அம்மாவை அந்தப் பையைத் திறக்கச் சொல்லி, கத்தும்போது அதை எடுத்து மடக்கென்று குடித்துக்காட்டி, "ஏப்ரல் ஃபூல்" என்று சொல்வதாக இருந்தேன். அம்மா இரண்டு நாள் முந்திவிட்டாள். அன்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மறுநாள் இன்னும் வரவில்லை. பிறகு ஒரு மாதிரி மரத்துப்போய்விட்டது. அந்த லட்சணத்தில்தான் வக்கீல் வேஷம் போட்டேன்.

சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன்.

"தெரியும்டா. தொறந்ததுமே சுக்கு வாசம் வந்துச்சு. நம்ம வீட்டுக் காப்பி எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏம்ப்பா சொல்லல?"

அப்பா பஸ் வருகிறதா என்று பார்த்தார். "உங்கம்மா மேல தப்பில்ல. அவளுக்கு மூக்கடைப்பு. ஒரு வருசமா மோந்து பாத்து மோந்து பாத்துத்தான நம்புனா. ஒரே ஒரு தடவை மோக்காம நம்புறாளான்னு பாத்தேன்."

"அக்காவும்..." என்றேன்.

"ம். அவளும்."

உன் கடிதத்தை அவர் கிழிக்கவில்லை. தாள் இருந்த இடத்தில், படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போய்ச் சொல்லப்போகிறேன். போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாதே, அதற்காகத்தான் உனக்கு முதலில். நீ அப்பாவுக்கு ஒரு வரி எழுது. எனக்கு எழுத வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. மீசை முடி மொத்தம் இரண்டுதான். மீதி ஒன்பது, நீ விட்டுப்போன கண்மையில் நான் வரைந்தது.

பொடியன்
இனிகோ