சாட்சியை எனக்கு அனுப்பாதே

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை இங்கே மூன்று பேருக்கும் ஒரு குறையும் இல்லை, நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. காலையிலிருந்து உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறேன். துடைத்த அலமாரியையே துடைத்து, மடித்த துணியையே பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் உன் தங்கை, அம்மா நீ சும்மா இருக்கிறதுக்குக்கூட ஒரு இடத்துல இருக்க மாட்டியா என்று என்னைப் பிடித்து மேசைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு லைப்ரரிக்குப் போய்விட்டாள். பரீட்சை வருகிறது அவளுக்கு. இந்த ஊர் மொழியில் என்னை விட நன்றாகச் சண்டை போடுகிறாள், அகதி அலுவலகக் கவுன்டரில் இருப்பவர்களே அவளைக் கண்டால் சட்டென்று கோப்பை எடுத்துவிடுகிறார்கள். போனில் சொன்னால் என்ன என்று நீ நினைப்பாய். இருக்கிறது ஒரே அறை, நான் பேசினால் அப்பா காதில் விழும், நீ ஏதாவது உளறினால் என் காதில் விழும், இரண்டுமே இப்போது ஆகாது. ஏன் என்று கடைசி வரை படி, பாதியில் போனைக் கையில் எடுக்காதே.

எங்கள் மனு தள்ளுபடி ஆனது உனக்குத் தெரியும். எதனால் ஆனது என்று உனக்குத் தெரியாது, சின்னவள் வாயை நான்தான் கட்டிப்போட்டிருந்தேன். அகதி என்று அங்கீகாரம் கேட்டு வருகிறவர்களில் புருஷனையும் பெண்டாட்டியையும் இங்கே தனித்தனி அறையில் வைத்துத்தான் விசாரிப்பார்கள். என் அறையில் ஒரு மேசை, தண்ணீர் ஜாடி, நான் அழுவேன் என்று என் பக்கமாகத் தள்ளி வைத்த டிஷ்யூ டப்பா. ஜலதோஷம் அந்த அதிகாரிக்குத்தான், பாவம், அவர்தான் எட்டி எட்டி எடுத்துக்கொண்டிருந்தார். மரியாதையான மனிதர், குறை சொல்ல மாட்டேன். உங்கள் கணவரை யாராவது மிரட்டினார்களா, பிடித்துக்கொண்டு போனார்களா என்று மொழிபெயர்ப்பவர் மூலமாகக் கேட்டார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, அவர் என்கிட்ட எதையுமே மறைக்க மாட்டார், அப்படி நடந்திருந்தா எனக்குத் தெரியாமலா இருக்கும், ஊரே பயந்து கிளம்பிச்சு, நாங்களும் கிளம்பினோம் என்றேன். பெருமையாகச் சொன்னேன் பெரியவனே, ஏதோ புருஷனுக்கு நற்சான்றிதழ் கேட்டார்கள் என்பது மாதிரி. அதே நேரம் பக்கத்து அறையில் உன் அப்பா, தன்னை இரண்டு நாள் அடைத்து வைத்திருந்ததைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு அது தெரிய வந்தது வக்கீல் பெண்ணின் அலுவலகத்தில். நம் மொழி பேசுகிறவள், உன்னை விடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். நாற்காலிகள் மேலெல்லாம் கோப்புகள், அவற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் உட்கார முடிந்தது. உங்க வீட்டுக்காரர் ரெண்டு நாள் அடைச்சு வெச்சாங்கன்னு சொல்றார், நீங்க அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைங்கறீங்க, அதனால ரெண்டு பேர் பேச்சையும் நம்ப முடியாதுன்னுட்டாங்கம்மா என்றாள். ஆயுதம் வைத்திருந்தவர்கள் சில வீட்டுக் கதவுகளைத் திறந்துவிடச் சொன்னார்களாம், இவர் மாட்டேன் என்றாராம், அதற்காகத்தான் பிடித்துப் போனார்களாம். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் வக்கீலின் மேசை டிராயர் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டு ரிப்பேர்க்காரருக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள எங்கேயாவது ஒரு பூட்டு கிடைத்துவிடுகிறது.

ஊரே பயந்து ஓடியது என்பது இந்தச் சட்டத்துக்குப் போதாதாம். என்ன இனம், என்ன மதம், எந்த நாடு, எந்தக் கூட்டம், என்ன அரசியல் கருத்து, இவற்றில் ஏதோ ஒன்றுக்காக நம்மைத் தேடி வந்து துன்புறுத்துவார்கள் என்று காட்டினால்தான் அகதி. எங்கள் வீட்டில் அரசியலே கிடையாதே என்றேன். கதவைத் திறக்க மாட்டேன்னு அவங்க முகத்துக்கு நேரா சொன்னதே ஒரு கருத்துதான்மா என்றாள் அந்தப் பெண். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லக்கூட வாய் வராத மனிதருக்கு அரசியல் கருத்து. அப்புறம் வீட்டுக்கு வந்து விடிய விடிய அழுததைப் பற்றி எழுதி என்ன ஆகப்போகிறது.

அந்த இரண்டு நாளும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அதுதான் வேதனை. பக்கத்து ஊரில் ஒரு நகைக்கடையில் இரும்புப் பெட்டியின் சாவி தொலைந்துவிட்டது, திறந்து கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வரும்போது கருவிப் பை இல்லை. பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்றார். பெற்ற பிள்ளையை மறந்தாலும் மறப்பாரே தவிர அந்தப் பையை மறக்கிற ஆளா என்று நான் வாரக்கணக்கில் குத்திக்காட்டினேன். அதற்குப் பிறகு எங்கள் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட விட மாட்டார், புழுக்கமாக இருக்கிறது என்பார். குளிக்கப் போனால்கூடக் கதவைச் சும்மா சாத்திக்கொள்வார். நாலு பேர் வந்து போகிற வீட்டில் இதென்ன பழக்கம் என்று அதற்கும் திட்டினேன். இதையெல்லாம் வக்கீல் பெண்ணிடம் சொன்னபோது அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, அம்மா மேல்முறையீட்டில இதைத்தான் நீங்க சொல்லணும், உங்க கண்ணால பார்த்தது, அவ்வளவுதான், அவருக்கு என்ன நடந்துச்சுன்னு இனிமேலும் அவர்கிட்ட கேட்காதீங்க என்றாள். கேட்டுத் தெரிந்துகொண்டு போய்ச் சொன்னால் புருஷன் சொல்லிக் கொடுத்ததைப் பெண்டாட்டி ஒப்பிக்கிறாள் என்பார்களாம். எங்களைப் போலவே மனுப் போட்டு இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த ஒரு டிரைவரும் அவர் மனைவியும் ஒரு வரி பிசகாமல் ஒரே மாதிரி சொன்னார்கள், ரொம்பச் சரியாக இருக்கிறது என்று அவர்களையும் நம்பவில்லை. வேறு வேறாகச் சொன்னோம் என்று எங்களை நம்பவில்லை. எவ்வளவு பொருந்தினால் போதும் என்று எந்த மகராசன் அளந்து வைத்திருக்கிறானோ.

ஆகவே இதுதான் இப்போது எங்கள் வீட்டு நிலவரம். இத்தனை வருஷம் அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. இப்போது அவருக்குச் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது, எனக்குக் கேட்க வேண்டும் போல் இருக்கிறது, சட்டத்துக்காக இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு காய்கறி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். வழக்கு முடிகிற வரைக்கும் எங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், அந்த மட்டில் இந்த நாட்டுக்குப் புண்ணியமாகப் போகட்டும், ஆனால் அவர் வேலைக்குப் போகக் கூடாது. திங்கள்கிழமை தவறாமல் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், ஊர் எல்லையைத் தாண்டுவதென்றால் அனுமதி வாங்க வேண்டும். பக்கத்து வீட்டம்மா சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நின்றபோதுகூட, சும்மா திறந்துவிட்டாலும் வேலை என்று எழுதிவிடுவார்களோ என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு மனசு கேட்காமல் திறந்துவிட்டார். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் தெம்பாகச் சாப்பிட்டார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன்னை முதலில் அனுப்பிவைத்த அன்று பஸ் நிலையத்தில் உன்னிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாராம், வக்கீலிடம் ஒப்புக்கொண்டுவிட்டார். நீங்கள் இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள், அதற்கு உன்னை நேரில் பார்க்கும்போது காதைத் திருகுவேன். அங்கே நீ அகதி அங்கீகாரம் கேட்டபோது அப்பாவைப் பற்றியும் சொல்லியிருப்பாய் இல்லையா. என் புருஷனுக்கு நடந்தது கண்காணாத நாட்டில் முகம் தெரியாத ஒரு அதிகாரிக்குத் தெரியும், அவரோடு ஒரே பாயில் படுத்த எனக்குத் தெரியாது, இதை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. ஆனால் அதுதான் இப்போது நம்மைக் காப்பாற்றும் என்கிறாள் வக்கீல் பெண். எங்கள் மனுவுக்கு வெகு முன்பே நீ சொன்னது என்பதால் இங்கே தோற்ற பிறகு கட்டிய கதை என்று யாரும் சொல்ல முடியாது. உன் விசாரணைப் பதிவு உன்னுடையதுதான், அந்த அலுவலகத்தில் கேட்டால் நகல் கொடுப்பார்களாம். அதை வாங்கி நேராக வக்கீலுக்கு அனுப்பு, விலாசம் தனித் தாளில் வைத்திருக்கிறேன். எனக்கு அனுப்பாதே, சின்னவளுக்கும் அனுப்பாதே, அவள் ரகசியத்தைக் காப்பாற்றுகிற லட்சணம் உனக்குத் தெரியும். வக்கீல் வேறு கடிதம் எழுதச் சொன்னால் தெரிந்ததை மட்டும் எழுது. அப்பா மேல் உள்ள பாசத்தில் ஒரு அடியைக்கூடக் கூட்டிச் சொல்லாதே, என் மேல் உள்ள பயத்தில் குறைத்தும் சொல்லாதே. தேதி ஞாபகமில்லை என்றால் ஞாபகமில்லை என்றே எழுது. விசாரணை அடுத்த மாதம். தோற்றால் மூன்று பேரும் திரும்பிப் போக வேண்டியதுதான், அந்தக் கதவுகளைத் திறக்கச் சொன்னவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், உன் தங்கைக்குப் பரீட்சையும் இல்லை ஒன்றும் இல்லை. நீ அவசரப்பட்டு எங்களைப் பார்க்க வருகிறேன் என்று கிளம்பாதே, அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நில், அதுதான் இப்போது நீ செய்யக்கூடிய உதவி. நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொள்.

இன்று காலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இதனால்தான் இவ்வளவு தவிப்பு. டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரை வைத்துவிட்டு, அந்த முதல் நாள் ராத்திரி என்று ஆரம்பித்தார். நான் சடாரென்று எழுந்து குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் சத்தத்தில் அவர் நிறுத்திவிட்டார். எல்லாம் முடியட்டும், அப்புறம் உட்கார்ந்து கேட்கிறேன், ஒரு வார்த்தை விடாமக் கேட்கிறேன் என்றேன். அதற்கு அவர், நீ கேட்கிறப்போ எனக்குச் சொல்ல வராமப் போயிடுச்சுன்னா என்ன பண்ணுவே என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். நான் பாத்திரம் கழுவினேன். அதனால் பெரியவனே, வக்கீலுக்கு அனுப்பும்போது இன்னொரு நகல் எடுத்து உன்னிடம் வைத்துக்கொள். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, முதலில் அவரைத்தான் கேட்பேன். அவர் வாயாலேயே சொல்லிவிட்டால் நீ அதைக் கிழித்துப் போட்டுவிடு. அவருக்குச் சொல்ல வரவில்லை என்று நான் எழுதினால், அதை எனக்கு அனுப்பிவை.

நீ நோய் நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்களே வாய்க்க வேண்டும். நாளைக்கே அலுவலகத்துக்குப் போ, வேலை இருக்கிறது என்று தள்ளிப் போடாதே.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா