அம்மிக்கல்லையும் சேர்த்து இழுத்த வண்டி

சம்பந்தி,

அன்று வண்டிக் கடையில் இருந்தவர்களை வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள், நான், என் மகள் கவிதா, அவளைக் கட்டிய உங்கள் மகன் செந்தில், நம் பேத்தி நிலா, செந்திலோடு வேலை பார்க்கும் பிரபாகர். வண்டி விற்கிற வெள்ளைக்காரப் பெண்ணை நான் சேர்க்கவில்லை. அவளுக்குத் தமிழ் தெரியாது, யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு அவள் சாட்சி இல்லை.

இன்று காலை டிரக்கின் பின்கதவைத் திறந்தேன். வெயிலில் நின்ற வண்டி. உள்ளேயிருந்து உங்கள் முழங்கால் தைலத்தின் வாசனை வந்து முகத்தில் அடித்தது. நீங்கள் போன பிறகு எத்தனையோ தடவை துடைத்தாகிவிட்டது, சீட்டுத் துணி இன்னும் விடவில்லை. கவிதா சோப்புத் தண்ணீரோடு வந்தாள். "இந்த சீட்ட மட்டும் விட்டுடு" என்றேன். ஏன் என்று கேட்காமல் போய்விட்டாள்.

டாலஸில் உங்கள் தம்பி மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த நேரம் அது. மூச்சுக்கு மெஷின் வைத்திருந்த உங்களை விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவ்வளவு தூரம் காரில் உட்காரவும் உங்களால் முடியாது. அதற்காகத்தான் மாப்பிள்ளை அந்த டிரெய்லரை வாங்கினார். கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ள சக்கர வீடு. எங்கே நிறுத்தினாலும் நீங்கள் கால் நீட்டிப் படுக்கலாம். கலிபோர்னியாவில் நாம் இருக்கிற பிளசன்டனிலிருந்து டாலஸ் வரை அதை இழுக்க ஒரு பிக்கப் டிரக் வேண்டும். சரியான வண்டி கிடைத்தால் கல்யாணத்தில் இருப்பீர்கள், கிடைக்காவிட்டால் போனில் பார்ப்பீர்கள்.

பிரபாகர் ஒரு கருப்பு வண்டியைக் காட்டினான். தோல் சீட்டு, முன்னால் டிவி மாதிரி ஒரு திரை. "கண்ண மூடிட்டு வாங்கு செந்தில். உன் டிரெய்லர் மாதிரி ரெண்டு இழுக்கும். வீடியோ எல்லாம் பாத்துட்டேன்." மாப்பிள்ளை உள்ளே ஏறி உட்கார்ந்தவர் இறங்கவே இல்லை.

அந்தப் பெண்தான் டிரைவர் கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைக் காட்டினாள். கவிதா எங்களுக்குத் தமிழில் சொன்னாள். இழுப்பது வேறு, சுமப்பது வேறாம். டிரெய்லரின் மூக்கு வண்டியின் பின்பக்கத்தை அழுத்தும். அந்த அழுத்தம், உட்காருகிற ஆட்கள், ஏற்றுகிற சாமான் எல்லாம் சேர்ந்து அந்த மஞ்சள் சீட்டில் எழுதியிருக்கிற எடைக்குள் நிற்க வேண்டும். மீறினால் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காது, வண்டி ஆடும்.

"லக்கேஜ் எவ்வளவுனு கேக்கறாங்க" என்றாள் கவிதா.

"நாலு சூட்கேஸ்" என்றார் மாப்பிள்ளை.

நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள். "பொட்டி மட்டும் இல்ல கண்ணு. அரிசி மூட்டை இருக்குது. முறுக்கு டின்னு. தம்பி பொண்டாட்டிக்குக் கிரைண்டரு. சீர்ப் பாத்திரம். அப்பறம் அம்மி."

"அம்மியா? எதுக்கும்மா?" என்றார் மாப்பிள்ளை.

"என்ற தம்பி மவ எதை மிதிப்பா? எங்கம்மா மிதிச்சது, நான் மிதிச்சது. அவளும் அதையேதான் மிதிக்கோணும்."

நம் ஆட்கள் மட்டுமே செய்கிற தப்பு இது. டிரெய்லரைக் காலியாக வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். நாம் என்றைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குக் காலியாகப் போயிருக்கிறோம்?

பிரபாகர் போனில் தட்டிக் கூட்டினான். மீறிவிட்டது. மறுபடி கூட்டினான், மறுபடியும் மீறியது. அப்போதுதான் சிரித்துக்கொண்டே சொன்னான்: "சிம்பிள்டா. அம்மாவையும் அம்மியையும் வீட்ல விட்டுட்டா கணக்கு சரியாயிடும்."

நீங்கள்கூடச் சிரித்தீர்கள். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "பாக்கலாம்டா" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "மாப்பிள்ளை, என்னையும் விட்டுருங்க. அந்தத் தோல் சீட்டுக்கு ஒரு பட்டுத் துணியப் போத்தி அதையே கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் என் கையை அழுத்தி, "சும்மா இருங்க சம்பந்தி, பசங்க வெளையாட்டுக்குப் பேசறாங்க" என்றீர்கள். உங்கள் கை சில்லென்று இருந்தது. விளையாட்டு இல்லை என்று உங்களுக்கும் தெரியும்.

நான் போட்ட சத்தத்தில் அந்தப் பெண் எங்களைப் பின்பக்கம் கூட்டிப் போனாள். சேற்று நிறத்தில் ஒரு பழைய டிரக், கருப்பு வண்டியைவிட ஒரு சுற்றுப் பெரியது. துணிச் சீட்டு. முன்னால் வைத்திருந்தவர் குதிரைகளை ஏற்றிப் போகிற டிரெய்லரை இழுத்தவராம், எண்ணெய் மாற்றியதற்குக்கூட ரசீது வைத்திருந்தார். அதன் மஞ்சள் சீட்டில் போட்டிருந்த எடைக்குள் அரிசி, அம்மி, நாம் எல்லாரும் அடங்கி இன்னும் இடம் மிச்சமிருந்தது. கவிதா அதோடு விடவில்லை. கடைக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் கொண்டுபோய் கியர், பிரேக், அடிப்பக்கத் துரு எல்லாம் பார்க்கச் சொன்னாள். நல்ல வண்டி என்று அவர் சொன்ன பிறகுதான் வாங்க விட்டாள்.

"ரொம்பப் பழசா இருக்கே" என்று பிரபாகர் மூக்கைச் சுளித்தான்.

"நானுந்தான் பழசு கண்ணு. வழில நிக்காம ஓடுமா, அதச் சொல்லு" என்றீர்கள்.

அரிசோனாவில் அந்த நீண்ட ஏற்றம் நினைவிருக்கிறதா? அனல் காற்று. ஓரமெல்லாம் சூடேறி நின்ற கார்கள், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு. நம் வண்டி கியரைக் குறைத்துக்கொண்டு, உறுமிக்கொண்டே ஏறியது. நீங்கள் முழங்காலில் தைலம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தீர்கள். "ஏறுதுங்க சம்பந்தி" என்றீர்கள், நீங்களே தோள் கொடுத்துத் தள்ளுகிற மாதிரி.

டாலஸில் உங்கள் தம்பி தெருவுக்கே வந்து நின்றார். மணமேடையில் கல்யாணப் பெண் அம்மியில் கால் வைத்தபோது நீங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். மூக்கில் குழாய், தலையில் மல்லிகை. அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னால் உங்களிடம் நான் பார்த்ததில்லை.

நாளைக்கு மறுபடி டாலஸ் போகிறோம். உங்கள் தம்பி மகளின் குழந்தைக்குக் காது குத்து. நிலாவுக்கு லைசன்ஸ் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பார்க்கிங்கில் டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்துப் பழகினாள். அடையாளத்துக்கு வைத்த பிளாஸ்டிக் கோன் ஒன்றைக்கூட இடிக்கவில்லை. "ஐ காட் இட் பாட்டி!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள். வழியில் சமதரையில் அவளும் ஓட்டுவாள். இந்தத் தடவையும் கிரைண்டர் உண்டு, அரிசி உண்டு. எல்லாவற்றையும் எடை போட்ட பிறகுதான் ஏற்றினோம். உங்கள் சீட்டில் நான் உட்காரப் போகிறேன்.

நீங்கள் என் கையை அழுத்தியது இன்னும் என் கையில் இருக்கிறது. ஆனால் உங்களைப் போல மன்னிக்க மட்டும் எனக்கு வரவில்லை. பிரபாகர் உங்கள் காரியத்துக்கு வந்தான். "அன்னிக்கு அப்படிப் பேசிட்டேன் ஆன்ட்டி" என்று அழுதான். வெளி ஆள், வாய் கொழுத்தவன், போகட்டும் என்று காபி போட்டுக் கொடுத்தேன். அவன் கணக்கு முடிந்தது. நாளை வழிக்குப் புளிச்சோறு கட்டுவேன், ஓட்டுகிறவருக்குப் பிடித்த மாதிரி வேர்க்கடலை தூக்கலாகப் போட்டு. மாப்பிள்ளை என்று மரியாதையாகவே கூப்பிடுவேன். ஆனாலும் பெற்றவளை விட்டுப் போகலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார் பாருங்கள், உங்கள் மகன் செந்தில், அவரை மன்னிக்க மாட்டேன்.