வெள்ளை சோஸும் உன் அதட்டலும்

பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. காலையில் அதற்கு உரைமருந்து உரைத்தார்கள். ஜாதிக்காய் வாசம் சுவரைத் தாண்டி நேரே நம் அடுப்படிக்குள் வந்து நின்றுகொண்டது. மதுரையில் யாருக்கும் அது பிள்ளை மருந்து. எனக்கு உன் ஞாபகம்தான் வருகிறது, என்ன செய்ய? பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கரியடுப்பைப் பற்றவைத்தேன்.

நீ புதுச்சேரிக்காரி. உன் அப்பா அங்கே ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையல் பார்த்தவர். மீனோ காயோ வேகவைத்து, மேலே ஊற்றிக்கொள்ளும் குழம்புக்கு அங்கே சோஸ் என்று பேர் என்பாய். "மிளகாய் போடாத குழம்பெல்லாம் ஒரு குழம்பா?" என்று நான் நக்கல் அடிப்பேன். கல்யாணமாகி இங்கே வந்தபின் நீ அந்தப் பேச்சையே விட்டுவிட்டாய். அயிரை மீன் குழம்பை எங்கள் ஊர்க்காரிகளைவிட உறைப்பாக வைத்தாய். கண்ணில் தண்ணீர் வர வர, என்னைவிட ஒரு கரண்டி கூடவே ஊற்றிக்கொள்வாய்.

ஜெர்மன்காரனோடு நடந்த சண்டைக் காலத்தில்தான் உனக்கு வயிற்றுப்புண் வந்தது. மிளகாய் ஆகாது, புளி ஆகாது, தாளிப்பு ஆகாது என்று டாக்டர் வரிசையாகச் சொன்னார். உடம்பில் கொஞ்சம் சதை பிடித்தால்தான் தாங்குவார், எதையாவது சாப்பிட வையுங்கள் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னார். எதை வைக்க? கஞ்சித் தம்ளரைக் கண்டாலே நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். கெஞ்சினேன். திட்டினேன். மில் ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதும்போதும் உன் கழுத்தெலும்பு கண்முன்னால் நின்றது. பயமாக இருந்தது எனக்கு.

ஒருநாள் கண்ணைத் திறக்காமலே சொன்னாய். "எங்கப்பா வைக்கிற வெள்ளை சோஸ் இருந்தா ரெண்டு வாய் திம்பேன்."

"எப்படின்னு சொல்லு. நான் வைக்கிறேன்."

"நீங்களா? உங்களுக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியுமா?"

தெரியாதுதான். ஆனால் நீ கேட்ட தோரணையில் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

விளாங்குடியிலிருந்து வருகிற பால்காரம்மாவிடம் வெண்ணெய் கேட்டேன். "இம்புட்டு வெண்ணெய் யாருக்குண்ணே? வீட்ல விசேஷமா?" என்றாள். நாட்டு மருந்துக் கடையில் ஜாதிக்காய் கேட்டால், கடைக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "பிள்ள பெறந்திருக்கா அண்ணே? ஆணா, பொண்ணா?" நமக்குப் பிள்ளையே இல்லை என்று கடை வாசலில் நின்று விளக்கிக்கொண்டிருக்க எனக்கு வாய் வரவில்லை. "பொண்ணு" என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னிடம் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "பேரு வச்சாச்சா?" என்றுகூடக் கேட்டாய். அப்புறம் அந்த ஜாதிக்காயை வாங்கி உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாய்.

உன் கட்டில் அடுத்த அறையில். அங்கிருந்து அடுப்பு தெரியாது. நீ காதை வைத்துக்கொண்டே என்னை ஆட்டிவைத்தாய். வெண்ணெயை உருக்கச் சொன்னாய், உருக்கினேன். மைதாவைப் போட்டுக் கிண்டச் சொன்னாய், கிண்டினேன். நம் வீடுகளில் எதை வறுத்தாலும் வாசம் வரும்வரை வறுப்பதுதானே வழக்கம். ரவையோ உளுந்தோ, வாசம் வந்தால்தான் பக்குவம். நானும் அப்படியே மூக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"நல்லா கமகமன்னு வாசம் வந்திருச்சு!" என்றேன் பெருமையாக.

"வந்திருச்சா? அப்ப போச்சு. கொட்டுங்க."

"ஏன்?"

"செவந்திருக்கும். வெள்ளை சோஸுக்கு வாசம் வர்றதுக்கு முன்னாடியே பால விடணும். மாவு நுரைச்சு வரும்போதே."

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை பாலை ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டு, அது கொதிக்கட்டும் என்று வேடிக்கை பார்த்தேன். உள்ளேயிருந்து வந்ததே ஒரு சத்தம்! கஞ்சி குடிக்கத் தெம்பில்லாதவள் போட்ட சத்தமா அது?

"கை நிக்குது! கை நிக்குதுங்க! சுத்துங்க!"

பாத்திரத்தில் கரண்டி ஓடுகிற ஓசை நின்றதை நீ கேட்டிருக்கிறாய். பதறிப்போய்ச் சுற்றினேன். "கொழுக்கட்டை கொழுக்கட்டையா நிக்குதே" என்றேன். துணியில் போட்டு வடிகட்டச் சொன்னாய். அதன்மேல் துளி ஜாதிக்காய் உரசி, குழைய வேகவைத்த உருளைக்கிழங்கில் ஊற்றிக் கொண்டுவந்தேன். ஒரு வாய் வைத்தாய். நான் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாவு வேகல" என்றாய். ஆனால் கிண்ணத்தைக் காலி பண்ணினாய். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். அது உனக்குத் தெரியாது என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆபீஸ் விட்டதும் நேரே அடுப்படிதான். மீன் முள்ளை வேகவைத்த தண்ணீரில் ஒரு சோஸ். முட்டை மஞ்சளை வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து, வெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குகிற ஒரு சோஸ். அதுதான் என் உயிரை வாங்கியது. கொஞ்சம் சூடு கூடினால் திரிந்துபோகும். "இறக்குங்க, ஒரு கரண்டி பச்சத் தண்ணி விட்டு அடிங்க" என்று நீ சொல்ல, அது திரும்பக் கூடிவந்தது எனக்கே அதிசயமாக இருந்தது. எலுமிச்சை ரெண்டே சொட்டு விடச் சொல்லிவிட்டு, "டாக்டர்கிட்ட மூச்சு விடாதீங்க" என்றாய். தெருவில் என்னைப் பொண்டாட்டிதாசன் என்றார்கள். சொல்லட்டும், எனக்கென்ன? உன் கன்னத்தில் சதை தெரிந்தது. வளையல் மணிக்கட்டிலேயே நின்றது.

அந்த மழைக்காலத்தில் உடம்பு மறுபடி கீழே போயிற்று. ஒரு சாயங்காலம் வெண்ணெய் உருக்கினேன், மாவு போட்டேன், பால் விட்டேன். உன் பக்கமிருந்து சத்தமே இல்லை. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். நீ முழித்துக்கொண்டுதான் இருந்தாய்.

"ஏன் பேசாம இருக்க? உசுரே போயிருச்சு எனக்கு."

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க. ஒழுங்கா செய்றீங்க."

நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றிலிருந்து சமைக்கும் நேரம் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? பால் விட்டபிறகு வேண்டுமென்றே கையை நிறுத்தினேன். கரண்டி ஓசை நின்றதும், "கை நிக்குதுங்க!" என்று உள்ளேயிருந்து வந்தது. அப்பாடா என்று சுற்றினேன். மறுநாளும் நிறுத்தினேன். அதற்கு மறுநாளும்.

நீ என்ன லேசுப்பட்ட ஆளா? ஒருநாள் நான் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். விரலெல்லாம் சில்லென்று இருந்தது.

"வேணும்னுதான கட்டி விழ விடுறீங்க?"

நான் மற்றக் கையால் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"என் சத்தத்துக்காகவா?"

"ஆமா."

"எனக்குக் கத்த முடியலங்க இப்பல்லாம். நீங்க நிறுத்தாம சுத்துங்க. அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா எனக்கு நல்லாருக்கு. நீங்க பக்கத்துலயே இருக்கிற மாதிரி இருக்கு."

அதன்பிறகு நான் ஒரு நாளும் கையை நிறுத்தவில்லை. நீ சாப்பிடுவது ஒரு கரண்டியாக, அரைக் கரண்டியாகக் குறைந்தது. கடைசியில் தொடவே இல்லை. அப்போதும் நான் பாலும் மாவும் போட்டுச் சுற்றிக்கொண்டுதான் இருந்தேன். நீ கேட்டுக்கொண்டே தூங்கிப்போவாய்.

நீ போனபிறகு சண்டையும் முடிந்துவிட்டது. மண்ணெண்ணெய்க்கு நிற்கிற க்யூ மட்டும் முடியவில்லை. ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. பால்காரம்மா வந்தால் வேண்டுமென்றே அவளிடம் விலையைப் பற்றிச் சண்டை பிடிக்கிறேன். அவளும் பாவம், கொஞ்ச நேரம் நின்று பதில் சொல்லிவிட்டுப் போகிறாள்.

இன்று அந்த வாசம் வந்ததும் வெகுநாளைக்குப் பிறகு வெள்ளை சோஸ் வைத்தேன். மாவு நுரைத்து வரும்போதே பாலை விட்டேன். அப்போது எனக்கு ஒரு கிறுக்குப் புத்தி. கையை நிறுத்திப் பார்ப்போம், அடிபிடிக்கட்டும், கட்டி விழட்டும், அந்த அறையிலிருந்து ஒரே ஒரு அதட்டல் வராதா என்று ஆசை. நிறுத்து நிறுத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை நிற்க மாட்டேன் என்கிறது. நீ அங்கே படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு, அது பாட்டுக்குச் சுற்றுகிறது.

சோஸ் ஒரு கட்டிகூட இல்லாமல் வந்திருக்கிறது. பார்த்தாயா, ஒரு தப்புக்கூடப் பண்ண முடியாதவனாக ஆக்கிவிட்டுப் போய்விட்டாய்.