சீல் வைத்த எஞ்சின்

1976 ஏப்ரல், செவ்வாய்

உப்புநீர் இறைக்க நான் வாங்கிய டீசல் எஞ்சினுக்கு லைசென்ஸ் இல்லையென்று போன வாரம் அதிகாரி சீல் வைத்தார். "ஆளுங்க ஏத்தம் இறைச்சாப் போதும். எது தேவைன்னு கவர்மெண்டுக்குத் தெரியும்," என்றார். என் காசு, என் உப்பளம். நீரில்லாமல் பாத்தியெல்லாம் காய்ந்தது.

இன்று சீலைப் பார்க்க வந்த அதே அதிகாரி, மேலே வெள்ளையாகக் காய்ந்திருந்ததை நம்பிக் உப்பங்கழியோரப் பாத்தியில் ஜீப்பை விட்டார். அடியில் சேறென்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. சக்கரம் இறங்கி, சுற்றிலும் உப்புநீர் ஊறியது.

"முதலாளி, எஞ்சினைப் போட்டு இறைங்க. கவர்மெண்டு ஜீப்புங்க, துருப்பிடிச்சா என் வேலை போயிடும்!" என்று பதறினார்.

"லைசென்ஸ் இல்லியே சார்? ஏத்தத்துக்கு ஆள் கூப்பிடட்டுங்களா?"

தன் கையாலேயே சீலைப் பிய்த்தார். ஜீப் போன பிறகும் நான் எஞ்சினை நிறுத்தவில்லை. மற்றப் பாத்திகளுக்கு இன்னும் ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் நன்றாகத் தூக்கம் வருகிறது.